என் கணினியில் சரியாகத் தெரியும் வலைப்பூ, தானியங்கியாக வெளியாகும்போது மட்டும் குறைபடுவது ஏன்?

கேள்வி: மழைக்காகிதம்

வணக்கம். ஒரு வலைப்பூச் சேவையில் பல ஆண்டுகளாக எழுதிவந்த 140 பதிவுகளை மார்க்டவுன் (எளிய குறிகளோடு எழுதும் உரை வடிவம்) கோப்புகளாக மாற்றி வைத்திருக்கிறேன். ஹ்யூகோ என்ற தளம் உருவாக்கும் மென்பொருளைக் கொண்டு அவற்றை நிலைப்பக்கங்களாக்கி, கிட்ஹப்பின் தளம் வெளியிடும் சேவையான கிட்ஹப் பேஜஸில் ஏற்றுவது என் திட்டம். பதிவை எழுதி முடித்து ‘கிட் புஷ்’ (என் கோப்புகளும் அவற்றின் வரலாறும் இருக்கும் கிட்ஹப் களஞ்சியத்துக்கு மாற்றங்களை அனுப்பும் கட்டளை) கொடுத்தால், மற்ற வேலைகளை கிட்ஹப்பின் தானியங்கிச் சேவையான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கான படிகளைச் சொல்லும் வொர்க்ஃப்ளோ கோப்பையும் எழுதிவிட்டேன். என் கணினியில் ஹ்யூகோ சர்வரை இயக்கிப் பார்த்தால் எந்தக் குறையும் இல்லை. வலையில் ஏறிய பிறகுதான் சிக்கல்கள் தெரிகின்றன.

முதல் சிக்கல், வொர்க்ஃப்ளோ பிழை ஏதுமின்றி முடிந்து பச்சைக் குறி காட்டியபோதும், தளத்தின் முகவரியைத் திறந்தால் ‘பக்கம் இல்லை’ என்னும் 404 மட்டுமே வந்தது. ஆனால் அதே முகவரியின் இறுதியில் இண்டெக்ஸ்.எக்ஸ்எம்எல் என்று சேர்த்தால் ஓடை (புதிய பதிவுகளின் பட்டியலைத் தரும் ஆர்எஸ்எஸ் கோப்பு) மட்டும் ஒழுங்காக வந்தது! பொறுமையிழந்து, தீமில் (தளத்தின் தோற்றத்தைத் தரும் தொகுப்பு) இருந்த கோப்புகள் அனைத்தையும் என் களஞ்சியத்தின் வேரில் நகலெடுத்துக் கொட்டினேன், முகப்பு வந்துவிட்டது. ஏன் வந்தது என்று இன்றுவரை விளங்கவில்லை.

அடுத்தது, காலையில் எழுதி ஏற்றிய பதிவு ஒன்று தளத்தில் வரவே இல்லை. மாலையில் வேறொரு பதிவில் ஒரு காற்புள்ளியைத் திருத்தி ஏற்றியபோது, காலைப் பதிவும் தானாக வந்து சேர்ந்தது. இதே நிகழ்வு மூன்று முறை நடந்துவிட்டது. பதிவின் தலைப்பகுதியில் தேதியையும் நேரத்தையும் நானே கையால் எழுதுகிறேன். முன்னோட்டம் பார்க்க, ஒரு வழிகாட்டியில் படித்தபடி, வரைவுகளையும் எதிர்காலத் தேதியிட்டவற்றையும் காட்டும் இரண்டு கொடிகளோடுதான் (கட்டளையின் பின்னால் சேர்க்கும் தேர்வுகள்) ஹ்யூகோ சர்வரை எப்போதும் இயக்குகிறேன். ஒருவேளை அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

கடைசியாக, பதினொரு பதிவுகளில் படங்கள் தெரிவதில்லை. கோப்புகள் களஞ்சியத்தில் இருப்பதை என் கண்ணால் பார்த்தேன்.

ஒவ்வொன்றுக்கும் ஒட்டு போட்டுச் சமாளிப்பதைவிட, என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ள விரும்புகிறேன். அன்புகூர்ந்து விளக்க இயலுமா?


மறுமொழி: கட்டளைவரி

வணக்கம். கொடிகளைப் பற்றிச் சொல்லி வைத்தது நல்லதாயிற்று. பாதி விடை அதில்தான் இருக்கிறது.

நீங்கள் புஷ் செய்யும் ஒவ்வொரு முறையும், கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் ஒரு புதிய மெய்நிகர் இயந்திரத்தை எழுப்புகிறது. பெரும்பாலும் அது உபுண்டு லினக்ஸ். உங்கள் களஞ்சியத்தை அதில் இறக்கி, வொர்க்ஃப்ளோவில் எழுதியுள்ள படிகளை வரிசையாகச் செய்து, கிடைத்த பக்கங்களை வெளியிட்டுவிட்டு, அந்த இயந்திரம் அழிக்கப்படுகிறது. உங்கள் வீட்டுக் கணினியைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. எனவே, உங்கள் கணினி நீங்கள் கேட்காமலேயே உங்களுக்குச் செய்து தரும் உதவிகள் எவையெவை என்று பார்ப்பதே இங்கே துப்பறியும் முறை. உங்கள் மூன்று சிக்கல்களும் அத்தகைய மூன்று உதவிகள் அங்கே கிடைக்காமல் போனதால் வந்தவைதான்.

தீமை சப்மாட்யூலாகச் சேர்த்திருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். சப்மாட்யூல் என்பது உங்கள் களஞ்சியத்துக்குள் வேறொரு களஞ்சியத்தின் குறிப்பிட்ட கமிட்டைச் (பதிவுசெய்யப்பட்ட ஒரு நிலையை) சுட்டும் ஒரு முகவரிச் சீட்டு மட்டுமே. கோப்புகள் அதற்குள் இல்லை. களஞ்சியத்தை இறக்கும் செக்அவுட் படியில் ‘சப்மாட்யூல்ஸ்: ரிகர்சிவ்’ என்று எழுதாவிட்டால், தீம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெற்றுக் கோப்புறை மட்டும் உருவாகும். கோப்புறையே இல்லாதிருந்தால் ஹ்யூகோ பிழை சொல்லி நின்றிருக்கும். கோப்புறை இருந்து, அதற்குள் வார்ப்புருக்கள் (பக்க வடிவ மாதிரிகள்) இல்லாததால், ‘முகப்புக்கு லேஅவுட் கோப்பு கிடைக்கவில்லை’ என்று ஓர் எச்சரிக்கையை மட்டும் பதிந்துவிட்டு, வேலையை வெற்றிகரமாக முடித்துக்கொள்கிறது. எச்சரிக்கை பிழை ஆகாது என்பதால் உங்களுக்குப் பச்சைக் குறி. ஓடைக்கான வார்ப்புரு ஹ்யூகோவுக்குள்ளேயே பொதிந்திருப்பதால் இண்டெக்ஸ்.எக்ஸ்எம்எல் மட்டும் தப்பித்தது. நீங்கள் கோப்புகளை வேரில் கொட்டியபோது வார்ப்புருக்கள் உங்கள் களஞ்சியத்திலேயே வந்துவிட்டன. அதனால் முகப்பு வந்தது. பச்சைக் குறியை மட்டும் நம்பாமல் பில்ட் (தளத்தை உருவாக்கும் ஓட்டம்) பதிவேட்டைத் திறந்து, எத்தனை பக்கங்கள் உருவாயின என்ற அட்டவணையை ஒருமுறை பார்ப்பது நல்லது. 140 பதிவுகள் உள்ள தளத்துக்கு ‘பேஜஸ்’ என்ற வரிக்கு எதிரே ஒற்றை இலக்கம் இருந்தால் ஏதோ தவறு.

ஒருவேளை சப்மாட்யூல் கட்டளையைப் பயன்படுத்தாமல், தீம்களுக்கான கோப்புறைக்குள் நேரடியாக ‘கிட் க்ளோன்’ (முழு நகலெடுப்பு) செய்திருந்தால், .கிட்மாட்யூல்ஸ் என்ற கோப்பு உங்களிடம் இருக்காது. அந்த நிலையில் ரிகர்சிவ் என்று எழுதினால், அந்தப் பாதைக்கு சப்மாட்யூல் விவரம் இல்லை என்று செக்அவுட் படியே தோற்றுவிடும். அப்போது உள்ளிருக்கும் அந்தக் கோப்புறையை கிட் குறியீட்டிலிருந்து நீக்கி, ‘கிட் சப்மாட்யூல் ஆட்’ கட்டளையால் முறைப்படி மீண்டும் சேர்க்க வேண்டும். அதே வேளையில், ஹ்யூகோவின் எந்தப் பதிப்பு வேண்டும் என்பதையும் வொர்க்ஃப்ளோவில் எண்ணாக எழுதிவிடுங்கள். ‘லேட்டஸ்ட்’ என்று விட்டுவைத்தால், நீங்கள் எதையுமே தொடாத ஒரு நாளில் தளம் உடையும்.

காணாமல் போகும் பதிவுக்கு வருவோம். எதிர்காலத் தேதியிட்ட பதிவுகளை ஹ்யூகோ இயல்பாகவே ஒதுக்கிவிடும். நீங்கள் கையால் எழுதும் நேரத்தில் நேர வலயம் குறிக்கப்படாவிட்டால், அதை உலகப் பொது நேரமான யூடிசி நேரமாகவே அது எடுத்துக்கொள்ளும். உங்கள் கடிகாரம் யூடிசியைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். காலை 8 மணி என்று எழுதி, 8.05க்குப் புஷ் செய்கிறீர்கள். அப்போது யூடிசியில் நேரம் 2.35 மட்டுமே; உங்கள் பதிவோ யூடிசி 8 மணிக்குரியதாகப் படிக்கப்படுகிறது. ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம் கழித்து எழுதப்படப்போகும் பதிவாக அது ஹ்யூகோவின் கண்ணுக்குத் தெரிகிறது, எனவே ஒதுக்கப்படுகிறது. மாலையில் காற்புள்ளிக்காக மறுபடி பில்ட் ஆனபோது அந்த நேரம் கடந்துவிட்டதால் பதிவு உள்ளே வந்துவிட்டது. எதிர்காலப் பதிவுகளையும் காட்டு என்று கொடி கொடுத்து முன்னோட்டம் பார்ப்பதால் உங்கள் கணினியில் இது ஒருபோதும் வெளிப்படாது. அமைப்புக் கோப்பில் ‘டைம்சோன்’ என்ற வரியில் உங்கள் வலயத்தைக் குறிப்பிட்டால் போதும். அல்லது நேரத்தின் பின்னால் +05:30 என்பதைப் போல வித்தியாசத்தையும் சேர்த்து எழுதலாம். ‘ஹ்யூகோ லிஸ்ட் ஃப்யூச்சர்’ என்ற கட்டளை, இப்படி வாசலில் காத்திருக்கும் பதிவுகளைப் பட்டியலிட்டுக் காட்டும்.

படங்களைப் பொறுத்தவரை, அந்தப் பதினொன்றின் கோப்புப் பெயர்களை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். கேமரா பெரிய எழுத்தில் .ஜேபிஜி என்று முடித்திருக்கும், நீங்கள் பதிவில் சிறிய எழுத்தில் எழுதியிருப்பீர்கள். விண்டோஸும் மேக்கும் இயல்பு நிலையில் இரண்டையும் ஒன்றாகவே கருதும், லினக்ஸ் கருதாது. இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. கோப்பு உலாவியில் பெரிய எழுத்தைச் சிறியதாக்கிப் பெயர் மாற்றினால், கிட் அந்த மாற்றத்தையே கவனிக்காமல் போகலாம். ‘கிட் எம்வி’ கட்டளையால் மாற்றிவிட்டு, ‘கிட் எல்எஸ்-ஃபைல்ஸ்’ என்ன பெயரைக் காட்டுகிறது என்று சரிபாருங்கள். நான் இதே தவற்றைச் செய்து, ஒரு முழு மாலைப் பொழுதும் ஒரு படத்தை ஐந்து முறை மறுபடி மறுபடி ஏற்றியிருக்கிறேன்.


மறுமொழி: பழைய முனையம்

மேலே உள்ள விளக்கங்களில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஆனால் இவ்வளவு இயந்திரப் பொறி தேவையா என்று கேட்க ஒருவராவது வேண்டுமே. மாதம் இரண்டு பதிவு எழுதும் ஒருவர், தன் கணினியிலேயே ஹ்யூகோவை இயக்கி, கிடைக்கும் பப்ளிக் கோப்புறையை கோப்புகளை ஒத்திசைக்கும் ஆர்சிங்க் கருவி கொண்டு தன் வழங்கிக்கு (சர்வர்) அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது. இரண்டு வரி ஸ்கிரிப்ட். வொர்க்ஃப்ளோவின் யாமல் கோப்பில் இடைவெளி தவறியதற்காக அழ வேண்டியதில்லை. எது வெளியாகிறதோ அதையே நீங்கள் உங்கள் திரையில் முன்கூட்டிப் பார்த்திருப்பீர்கள்.

ஒரே ஓர் எச்சரிக்கை. ஆர்சிங்க் கட்டளையில் ‘டிலீட்’ கொடியைச் சேர்த்தால், மூலத்தில் இல்லாதவை சேருமிடத்தில் அழிக்கப்படும். ஒருமுறை சேருமிடப் பாதையில் கடைசிக் கோப்புறையின் பெயரை விட்டுவிட்டேன். ஒரு படி மேலே இருந்த கோப்புறையே இலக்காகிவிட்டதால், அங்கே குடியிருந்த இன்னொரு சிறு தளம் முழுவதும் இரண்டு வினாடிகளில் காணாமல் போயிற்று. அன்றிலிருந்து முதலில் ‘டிரை-ரன்’ கொடியோடு இயக்கி, எவை அழியப்போகின்றன என்ற பட்டியலைப் படித்த பிறகே உண்மையான கட்டளையைக் கொடுக்கிறேன். ஆக்‌ஷன்ஸிலிருந்தே ஆர்சிங்க் செய்ய விரும்புவோர், வழங்கிக்குள் நுழையப் பயன்படும் தங்கள் சொந்த எஸ்எஸ்எச் சாவியை அங்கே கொடுக்காமல், அதற்கென்று ஒரு தனிச் சாவி உருவாக்கி, ஆர்சிங்க்கோடு வரும் ‘ஆர்ஆர்சிங்க்’ என்ற ஸ்கிரிப்டைக் கொண்டு அந்த ஒரு கோப்புறைக்கு மட்டும் அதைக் கட்டிப்போட வேண்டும்.


மறுமொழி: கட்டளைவரி

உங்கள் வாதம் நேர்மையானது. ஓராண்டு நானும் அப்படித்தான் செய்தேன். என்னை மாற்றியது கணினி மாறிய நாள். பழைய கணினியில் எப்போதோ நிறுவிய ஹ்யூகோ பதிப்பு எது, தீமில் நான் செய்த சிறு திருத்தம் எங்கே என்று எதுவும் எழுதி வைக்கப்படவில்லை. புதிய கணினியில் அதே பதிவுகளை பில்ட் செய்தபோது வேறு தளம் கிடைத்தது. வெற்று இயந்திரத்தில் ஒவ்வொரு முறையும் பில்ட் ஆகும் தளத்துக்கு, தேவையான அனைத்தும் களஞ்சியத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது என்பதற்கு நாள்தோறும் சோதனை நடக்கிறது. மழைக்காகிதம் சந்தித்த மூன்று சிக்கல்களும் அந்தச் சோதனையில் வெளிப்பட்டவையே. ஆர்சிங்க் வழியில் போயிருந்தால் தீம் சிக்கல் இன்னொரு நாளுக்கு ஒத்திப்போடப்பட்டிருக்கும், அவ்வளவே. படங்களோ, வழங்கி லினக்ஸாக இருந்தால், அன்றே காணாமல் போயிருக்கும்.


மறுமொழி: ஒற்றெழுத்து

பழைய வலைப்பூவிலிருந்து 140 பதிவுகள் என்று படித்ததும், அவற்றின் கோப்புப் பெயர்கள் தமிழில் இருக்குமோ என்ற ஐயம் வந்தது. இருந்தால் இதையும் கவனியுங்கள். இதற்கு ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் உதவுவதில்லை.

தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் 3 பைட் எடுத்துக்கொள்கிறது. முகவரியில் அது ஏறும்போது ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு இலக்கங்களுமாக விரிவதால், ஒரு குறிக்கு 9 எழுத்துகள் ஆகின்றன. ‘தமிழ்’ என்ற சொல்லில் நம் கண்ணுக்கு மூன்று எழுத்துகள். யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறிகள். நகலெடுத்து ஒட்டப்பட்ட முகவரியில் 45 எழுத்துகள். உலாவியின் முகவரிப் பட்டையில் அழகாகத் தெரிவது, மின்னஞ்சலில் ஒட்டியதும் இரண்டு வரிச் சதவீதக் குறிகளாக மாறுவதற்கு இதுவே காரணம். லினக்ஸில் ஒரு கோப்பின் அல்லது கோப்புறையின் பெயர் 255 பைட்டைத் தாண்டக்கூடாது என்பதால், தமிழில் 85 குறிகளோடு எல்லை முடிந்துவிடுகிறது. நீளமான தலைப்பை அப்படியே கோப்புப் பெயராக்கும் பழக்கம் உள்ளவர்கள் எளிதில் இதைத் தொட்டுவிடுவார்கள், அங்கே பில்ட் நின்றுவிடும்.

‘கிட் ஸ்டேட்டஸ்’ கொடுத்தால் உங்கள் கோப்பு \340\256\244 என்று தொடங்கும் எண் வரிசையாகத் தெரிகிறதா? பயப்பட வேண்டாம், ‘த’ என்ற எழுத்தின் மூன்று பைட்டுகளை எட்டின் அடிமானத்தில் கிட் அப்படிக் காட்டுகிறது. ‘கோர்.கோட்பாத்’ என்ற அமைப்பை அணைத்துவிட்டால் தமிழிலேயே காட்டும்.

இதைவிட நுட்பமான சிக்கல் ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ போன்ற எழுத்துகளில் இருக்கிறது. ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம்; எகரக் கொம்பும் காலும் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடே தெரியாது, ஆனால் பைட் அளவில் இரண்டும் வெவ்வேறு பெயர்கள். மேக்கின் பழைய கோப்பு முறைமையான எச்எஃப்எஸ் ப்ளஸ் பெயர்களைப் பிரித்தே சேமித்தது. அங்கிருந்து ஏற்றுமதி செய்த பதிவுகளுக்குள் இருக்கும் இணைப்பு ஒரு வடிவிலும், கோப்பின் பெயர் மற்றொரு வடிவிலும் இருந்தால், ‘கொடி’ என்ற பக்கத்தை ‘கொடி’ என்று தேடியும் 404 வரும். கட்டளைவரி சொன்ன பெரிய எழுத்து, சிறிய எழுத்துச் சிக்கலின் தமிழ் வடிவம் என்று இதை எடுத்துக்கொள்ளலாம்.

ஹ்யூகோவில் ‘ரிமூவ்பாத்ஆக்சென்ட்ஸ்’ என்றொரு அமைப்பும் உண்டு. ஐரோப்பிய மொழிகளின் எழுத்துகள் மேல் வரும் குறிகளைப் பாதையிலிருந்து நீக்குவதற்காக அது செய்யப்பட்டது. யூனிகோடின் வகைப்பாட்டில் நம் மெய்யெழுத்துப் புள்ளியும் அதே இனத்தைச் சேர்ந்தது. எனவே அதை இயக்கினால் ‘தமிழ்’ என்பது ‘தமிழ’ ஆகிவிடும். இயல்பாக அது அணைந்தே இருக்கும். யாரோ ஒருவரின் அமைப்புக் கோப்பை நகலெடுக்கும்போது கூடவே வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் முடிவு இது: கோப்புப் பெயரும் முகவரியும் எளிய ரோமன் எழுத்தில், தலைப்பும் உள்ளடக்கமும் தமிழில். சில நண்பர்கள் இதை விட்டுக்கொடுத்தல் என்பார்கள். முகவரியும் தமிழில் இருக்க வேண்டும் என்ற அவர்களுடைய விருப்பத்தை மதிக்கிறேன். அப்படி வைத்துக்கொள்பவர்கள் எல்லாக் கோப்புப் பெயர்களையும் ஒரே யூனிகோட் வடிவுக்கு மாற்றும் சிறு ஸ்கிரிப்டை முதல் நாளே ஓட்டிவிடுவது நல்லது. எதைத் தேர்ந்தாலும், பழைய முகவரிகளை ஒவ்வொரு பதிவின் தலைப்பகுதியிலும் ‘அலயசஸ்’ என்பதன் கீழ் எழுதி வையுங்கள். கிட்ஹப் பேஜஸில் நாமே வழங்கிக்கு வழிமாற்று விதி எழுத முடியாது. ஹ்யூகோ பழைய முகவரியில் ஒரு சின்னப் பக்கத்தை உருவாக்கி, வருபவரை அங்கிருந்து புதிய முகவரிக்கு அனுப்பிவைக்கும்.


மறுமொழி: மழைக்காகிதம்

அனைவருக்கும் நன்றி. நேற்றும் இன்றும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன்.

தீமை நான் க்ளோன் செய்துதான் வைத்திருந்தேன், .கிட்மாட்யூல்ஸ் இல்லை. முதலில் ரிகர்சிவ் என்று மட்டும் எழுதிப் பார்த்தேன். கட்டளைவரி சொன்ன அதே பிழையோடு செக்அவுட் நின்றது. முறைப்படி சேர்த்து, வேரில் கொட்டியிருந்த கோப்புகளை எல்லாம் நீக்கிய பிறகும் முகப்பு வருகிறது. டைம்சோன் வரியைச் சேர்த்ததும் காலைப் பதிவு காலையிலேயே வந்தது. பதினொரு படங்களில் ஒன்பது, பெரிய எழுத்துச் சிக்கல். மீதி இரண்டும் ஒற்றெழுத்து சொன்ன வகை: ‘தோட்டம்’ என்று தொடங்கும் இரண்டு கோப்புகள். கண்ணால் பார்த்து இதை ஒருநாளும் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

இடையில் நானே ஒரு குழப்பத்தை வரவழைத்தேன். சோதனைக்காக இதே தளத்தை வேறு பெயருள்ள களஞ்சியத்தில் ஏற்றியபோது, பக்கங்கள் வந்தன, ஆனால் அலங்காரம் எதுவுமின்றி வெறும் எழுத்துகளாக. என் பயனர்பெயரில் அமைந்த களஞ்சியம் தளத்தின் வேரில் அமர்கிறது. மற்றவை களஞ்சியத்தின் பெயரிலான ஓர் உட்பாதையில் அமர்கின்றன. என் அமைப்புக் கோப்பிலிருந்த பேஸ் யூஆர்எல்லில் (தளத்தின் அடிப்படை முகவரி) அந்த உட்பாதை இல்லை. ஹ்யூகோவின் ஆவணத்தில் உள்ள மாதிரி வொர்க்ஃப்ளோ, பேஸ் யூஆர்எல்லை கிட்ஹப்பிடமே கேட்டு வாங்கி பில்ட் கட்டளைக்குக் கொடுப்பதைப் பார்த்து அவ்வாறே செய்தேன். ஒரே ஒரு எழுத்துரு இணைப்பைத் தவிர எல்லாம் சரியாயிற்று. அதை மட்டும் நான் வார்ப்புருவில் சாய்கோட்டில் தொடங்கி எழுதியிருந்ததால், அது உட்பாதையை விட்டுவிட்டு வேரையே சுட்டியது.

இரண்டு ஐயங்கள் மிச்சம் இருக்கின்றன. சில வேளைகளில் பச்சைக் குறி வந்த பிறகும் பழைய பக்கமே தெரிகிறது. மேலும், ஒரு பதிவை இன்று எழுதி, அடுத்த வாரம் தானாக வெளியாகும்படி வைக்க முடியுமா? எதிர்காலப் பதிவை ஹ்யூகோ ஒதுக்கும் என்று தெரிந்ததும் தோன்றிய ஆசை இது.


மறுமொழி: அணைகுறி

முதல் ஐயத்துக்கு விடை எளிது. கிட்ஹப் பேஜஸ் தன் பக்கங்களை 600 வினாடிகள் சேமித்து வைத்துக்கொள்ளலாம் என்று உலாவிக்குச் சொல்கிறது. பத்து நிமிடம் பொறுங்கள். அல்லது சேமிப்பைத் தவிர்த்து மறுபடி ஏற்றுங்கள்.

இரண்டாவதுக்கு முன் ஒரு கேள்வி: உங்கள் களஞ்சியம் பொதுவானதா? இலவசக் கணக்கில் பேஜஸ் வேண்டுமானால் அது பொதுவானதாகத்தான் இருக்க வேண்டும். அப்படியானால், ‘டிராஃப்ட்: ட்ரூ’ என்று குறித்த வரைவும், அடுத்த வாரத் தேதியிட்ட பதிவும் தளத்தில் இல்லாவிட்டாலும் களஞ்சியத்தில் யாருடைய கண்ணுக்கும் திறந்தே கிடக்கின்றன. ஒரு தனிப்பட்ட குறிப்பை இவ்வாறு ஏற்றிவிட்டு மறுநாள் நீக்கினேன். நீக்கியது கடைசிக் கமிட்டில் மட்டும், வரலாற்றில் அது அப்படியே இருந்தது. வரலாற்றையே திருத்தி எழுதி, வலிந்து புஷ் செய்ய வேண்டியதாயிற்று. கைபேசிப் படங்களுக்குள் எடுத்த இடத்தின் ஆயத்தொலைவுகள் பதிந்திருக்கும் என்பதையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏற்றுவதற்கு முன் அவற்றை நீக்கி, அப்படியே அளவையும் சுருக்கிவிடுங்கள். வெளியாகும் தளம் 1 ஜிபிக்கு மேல் போகக்கூடாது, 100 எம்பியைத் தாண்டும் ஒற்றைக் கோப்பை கிட்ஹப் ஏற்பதே இல்லை. படத்தை மாற்றினாலும் பழைய படம் வரலாற்றில் தங்கி, க்ளோன் செய்யும் ஒவ்வொருவருக்கும் சுமையாகிக்கொண்டே போகும்.

வெளியில் தெரிந்தாலும் பரவாயில்லை என்ற பதிவுகளை நேரம் குறித்து வெளியிடத் தடையில்லை. புஷ் நிகழ்ந்தால் ஓடு என்று இருக்கும் வொர்க்ஃப்ளோவில், ‘ஷெட்யூல்’ என்ற பகுதியைச் சேர்த்து, நாளுக்கு ஒருமுறை ஓடும்படி ஒரு க்ரான் வரி (ஓடும் நேரத்தைக் குறிக்கும் வரி) எழுதினால் போதும். தேதி வந்த பதிவு அன்றைய ஓட்டத்தில் தானாக உள்ளே நுழையும். க்ரான் நேரத்தை யூடிசியில் கணக்கிட்டு எழுதுங்கள். டைம்சோன் வரி ஹ்யூகோவுக்கு உரியது, ஆக்‌ஷன்ஸ் அதைப் பார்ப்பதில்லை. மணி தொடங்கும் நொடியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். எல்லோரும் அந்த நிமிடத்தையே தேர்ந்தெடுப்பதால் ஓட்டம் தாமதமாகும்; 17 ஆவது நிமிடம், 43 ஆவது நிமிடம் என்பதைப் போல ஏதேனும் ஒன்றை வையுங்கள்.

உங்கள் பெயரில் டொமைன் வாங்கும் எண்ணமும் இருக்கலாம் என்பதால் ஒரு சொல். கிளையிலிருந்து வெளியிடும் பழைய முறையில் டொமைன் பெயரைக் கொண்ட சிநேம் என்ற கோப்பு களஞ்சியத்தில் இருந்தாக வேண்டும். ஒவ்வொரு பில்ட்டும் அதை அழித்து டொமைன் அறுந்துபோன கதைகள் நிறைய. உங்களைப் போல ஆக்‌ஷன்ஸ் வழியாக வெளியிடுவோருக்கு அந்தக் கோப்பு தேவையில்லை, களஞ்சிய அமைப்புகளில் டொமைனை எழுதினால் போதும். பழைய வழிகாட்டிகள் இன்னும் அந்தக் கோப்பையே வலியுறுத்துவதால் குழம்ப வேண்டாம்.

நேரம் குறித்த ஓட்டத்தில் கடைசியாக ஒரு கண்ணி இருக்கிறது. பொதுக் களஞ்சியத்தில் 60 நாட்கள் எந்தச் செயல்பாடும் இல்லாவிட்டால், ஷெட்யூல் ஓட்டத்தை கிட்ஹப் தானாகவே நிறுத்திவிடும். மூன்று மாதத்துக்கான பதிவுகளை ஒரே மூச்சில் எழுதி வரிசையில் நிறுத்திவிட்டு நீங்கள் ஓய்வெடுக்கப் போனால், இரண்டு மாதத்துக்குப் பிறகு எதுவும் வெளியாகாது. வொர்க்ஃப்ளோவில் ‘வொர்க்ஃப்ளோ டிஸ்பேட்ச்’ என்ற வரியையும் இப்போதே சேர்த்து வையுங்கள். ஆக்‌ஷன்ஸ் பக்கத்தில் ஒரு பொத்தான் வரும். நின்றுபோன நாளில் முதலில் வொர்க்ஃப்ளோவை மறுபடி இயக்க நிலைக்குக் கொண்டுவந்து, பிறகு அந்தப் பொத்தானை அழுத்தினால், காத்திருந்த பதிவுகள் எல்லாம் ஒரே ஓட்டத்தில் வெளியாகிவிடும்.


மறுமொழி: மழைக்காகிதம்

களஞ்சியம் பொதுவானதுதான். வரைவுகள் ஏழையும் கணினியில் தனிக் கோப்புறைக்கு நகர்த்தி, அதன் பெயரை கிட் கண்டுகொள்ளக் கூடாதவற்றைப் பட்டியலிடும் .கிட்இக்னோரில் எழுதிவிட்டேன். வரலாற்றில் தங்கியிருப்பவற்றில் மறைக்க வேண்டியது எதுவும் இல்லை என்று ஒவ்வொரு கமிட்டாகப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். க்ரான் வரியும் பொத்தானும் சேர்ந்துவிட்டன. பழைய முகவரிகளை அலயசஸில் எழுதும் வேலை 140இல் 62ஆவது பதிவில் நிற்கிறது.